கச்சாங்குக்குச் சனிக்கிழமை பத்து மணி

பாயான் பாரு,
புதன்கிழமை.

அன்புப் பேத்தி ஹேமாவுக்குப் பாட்டி எழுதுவது.

இங்கு எல்லோரும் நலம் என்று எழுதித்தான் தொடங்க வேண்டும். இந்த முறை கை வரவில்லை. நானும் உன் அப்பா அம்மாவும் நன்றாகத்தான் இருக்கிறோம். உன் முயல் கச்சாங்குக்குத்தான் முடியவில்லை. இனிப் பிழைக்காது என்று மிருக டாக்டர் சொல்லி மூன்று வாரம் ஆகிறது.

ஏன் போனில் சொல்லவில்லை என்று கேட்பாய். உனக்குப் பரீட்சையாம். சாமி மேடைக்கு முன்னால் என் கையில் திருநீற்றை வைத்து, ஹேமாவிடம் வாய் திறக்க மாட்டேன் என்று உன் அப்பா சத்தியம் வாங்கிக்கொண்டான். பரீட்சை முடியட்டும்லா, அப்புறம் மெதுவா சொல்லிக்கலாம் என்கிறான். வாய் திறக்க மாட்டேன் என்றுதான் சத்தியம். எழுத மாட்டேன் என்று நான் சொல்லவில்லை.

போன வாரம் உனக்கு அனுப்பிய, அது கங்குங் கீரை தின்கிற வீடியோ பழையது. கீழே பச்சைப் பாய் தெரிகிறதா பார். அதைத் தீபாவளிக்கே தூக்கி எறிந்தாயிற்று. இரண்டு ஞாயிறாக நீ கூப்பிட்டபோது, பாட்டி கோயிலுக்குப் போயிருக்கிறார் என்று அவர்கள் சொன்னதும் பொய். கச்சாங்கை மடியில் வைத்துக்கொண்டு பக்கத்து அறையில்தான் இருந்தேன். உங்க மூஞ்சியப் பாத்தா புள்ள கண்டுபிடிச்சிடும் அத்தே, உள்ளயே இருங்க என்றாள் உன் அம்மா. எழுபத்து நான்கு வயதில் என்னை ஒளித்து வைக்கிறார்கள். நாளைக்கு எனக்கு ஒன்று என்றாலும் பழைய வீடியோவைத்தான் அனுப்புவார்கள்.

கச்சாங்குக்குக் கடைவாய்ப் பல்லின் வேர் தாடைக்குள் வளர்ந்து சீழ் வைத்துவிட்டது. டாக்டர் ஒரு சீனப் பெண். என்னை நெனெக் என்று பாட்டி முறை வைத்து மரியாதையாகக் கூப்பிட்டு, வயதான முயல், மயக்க மருந்து தாங்காது, ஆபரேஷன் முடியாது என்று மலாயில் சொன்னாள். தீனியை ஊறவைத்து அரைத்து, துணியில் வடிகட்டி, ஊசி இல்லாத சிரிஞ்சில் ஊட்டுகிறேன். ஒரு நாளைக்கு ஆறு தடவை. உன் அப்பாவையும் அவன் தம்பியையும் ஊட்டி வளர்த்த கை இது. இந்த ஒரு பிடி முயல் என்னிடம் வாயைத் திறக்க மாட்டேன் என்கிறது. ஊட்டியதெல்லாம் கழுத்து வழியாக வழிகிறது. நேற்று கோபத்தில் தின்னுத் தொலையேன் என்று அதட்டிவிட்டேன். அப்போதும் என் கையைத்தான் நக்கியது. நேற்று எனக்கும் சோறு இறங்கவில்லை.

சனிக்கிழமை காலை பத்து மணிக்கு ஊசி போட்டு ஒரேயடியாகத் தூங்கவைக்க உன் அப்பா டாக்டரிடம் நேரம் வாங்கிவிட்டான். ஹேமாவிடம் கேட்டாயா என்றேன். மொசலுதானேம்மா, இதுக்குப் போய் புள்ளய அழ வைக்கணுமா என்கிறான். எட்டு வருடம் வளர்த்தவளைக் கேட்காமல் நாள் குறிக்கிறான். நீயோ அயர்லாந்தில் டாக்டருக்குப் படிக்கிறாய். நாளைக்கு ஊரார் வீட்டுக் கெட்ட செய்தியை எல்லாம் நீதான் சொல்ல வேண்டும். உன் வீட்டு முயல் செய்தி உனக்குத் தாங்காதாம். நான் ஐந்தாம் வகுப்பு. இது எனக்கே புரிகிறது, ஃபேக்டரியில் முப்பது பேரை வைத்து வேலை வாங்குகிறவனுக்குப் புரியவில்லை.

எதிர்வீட்டு ஃபாத்தின் இந்தக் கடிதத்தைப் படம் பிடித்து உனக்கு அனுப்புவாள். அவளுக்குத் தமிழ் தெரியாது, அதனால் விஷயம் வெளியே போகாது. நீ ஆறாம் ஆண்டு வரை தமிழ்ப்பள்ளியில் படித்தவள், நிதானமாகக் கூட்டிப் படி.

நாளை மறுநாள் வெள்ளிக்கிழமை, இங்கே மாலை ஆறு மணிக்கு ஃபாத்தின் நம்பருக்கு முகம் தெரிகிற மாதிரி கூப்பிடு. உனக்கு அப்போது காலை. நான் கச்சாங்கை எடுத்துக்கொண்டு அவள் வீட்டில் இருப்பேன். என்னோடு பேச வேண்டாம், அதனோடு பேசு. தலை தூக்குவதில்லை, ஆனால் போன ஞாயிறு சுவருக்கு அந்தப் பக்கம் உன் குரல் கேட்டபோது ஒரு காதைத் திருப்பியது. பிறகு ஊசி போடலாமா வேண்டாமா என்று உன் அப்பாவிடம் நீயே சொல். போடலாம் என்றால் நான்தான் மடியில் வைத்துக் கொண்டுபோவேன், கூடையில் போட விடமாட்டேன். வேண்டாம் என்றால் யார் வந்தாலும் கதவைத் திறக்க மாட்டேன். நீ சொல்லி நடக்கட்டும் அம்மா. அது போதும்.

பரீட்சையை விட்டுவிடாதே. குளிரில் காதை மூடிக்கொண்டு வெளியே போ. வேளைக்குச் சாப்பிடு, தட்டில் மிச்சம் வைக்காதே. முருகன் உன் பக்கத்தில் இருக்கட்டும்.

உன் பாட்டி,
புஷ்பவள்ளி