பிஷப்பின் வீங்கிய கால்

ஜனவரி 10

இந்த நோட்டில் உண்மையை மட்டுமே எழுதுவேன், அது எனக்கு எதிரானதாக இருந்தாலும். முதல் உண்மை: எங்கள் தெருவில் யாருக்கும் கண் இல்லை. அவர்களுடைய நாயையும் ஆட்டையும் வரைந்து சும்மாவே கொடுக்கிறேன். "இன்னும் கொஞ்சம் அழகா" என்கிறார்கள். சொறிநாய்க்குச் சொறியைத்தானே வரைய முடியும்?

ஜனவரி 12

பதினேழாம் தேதி வனத்து அந்தோணியார் திருநாள். ஊரே மிருகங்களுக்கு ரிப்பன் கட்டிக் கோயிலுக்கு மந்திரிக்கக் கொண்டுபோகும். வர முடியாத மிருகத்துக்குப் படம் போதுமாம், பாதிரியார் சொல்லிவிட்டார். காகிதத்துக்கு ஆசீர்வாதம்!

பக்கத்து வீட்டு ஃபெர்மினா அத்தை தன் வான்கோழியை வரையச் சொன்னாள். அங்கி மாதிரி ஊதாவாக இருக்கும் கழுத்துக்காக அதற்கு பிஷப் என்று பெயர். கால் வீங்கிக் கிடக்கிறது.

"மோலே குழம்புல கொதிக்க வேண்டியதுக்குப் படம் வேறயா?" என்றாள் அம்மா.

"உன் வாயில கொள்ளிய வைக்க! எத்தனை கிறிஸ்துமஸ் தப்பிச்ச புள்ள தெரியுமா இவன்?"

ஜனவரி 14

வழுக்கைக் கழுத்து, சுருக்கங்கள், கந்தல் சுற்றிய வீங்கிய கால். மெழுகு வண்ணத்தில் நான் போட்டதிலேயே இதுதான் சிறந்தது.

"ஏன்டி ஒதிலியா, இவன இந்தக் கோலத்துலயா சாமி முன்னாடி நிறுத்துறது?" அத்தை படத்தை என் கையிலேயே திணித்துவிட்டு எதிர்வீட்டு ஃபபியோலாவிடம் போய்விட்டாள். ஃபபியோலாவிடம்!

ஜனவரி 15

ஒரே மதியத்தில் முடித்துவிட்டாள். நீர்வண்ணம். சிவப்பு ரிப்பன், புன்னகை, கண்ணில் இமைமயிர். வான்கோழிக்கு இமைமயிர்! வாட்ஸ்அப்பில் ஊரே இதயம் போட்டிருக்கிறது. என் அம்மாவும்.

ஜனவரி 16

யாரோடும் பேசப் பிடிக்கவில்லை.

ஜனவரி 17

பாதிரியார் பூங்கொத்தைத் தீர்த்த வாளியில் முக்கி முக்கித் தெளித்தார். நீர்வண்ணத்தின் மேல் தண்ணீர். கரையுமென்று அந்த அறிவாளிகளில் ஒருவருக்கும் தோன்றவில்லை. இமைமயிர் கறுப்பாக வழிந்தது, புன்னகை மார்புக்கு இறங்கியது.

"ஏ ஃபெர்மினா, உங்க பிஷப் குழம்புக்குப் பயந்து அழுவுறாரு!" என்றார் ஆட்டுக்கார தெலஸ்ஃபோரோ. எல்லோரும் சிரித்தார்கள். நான்தான் அதிகம். (உண்மை.)

பொழுது சாய அத்தை வந்தாள். கோயிலிலிருந்து திரும்பியபோது பிஷப் செத்துக் கிடந்ததாம்.

"நீ போட்டத குடுடி. தினம் அந்தக் கால்லதான் தைலம் தேய்ச்சேன்."

அவளிடம் சொல்ல ஒரு வாக்கியம் தயாராக வைத்திருந்தேன் — நல்ல கூர்மையான வாக்கியம். அதை விட்டுவிட்டுப் படத்தை எடுத்து நீட்டினேன்.

"ஒரு ரிப்பன் மட்டும் போட்டுத் தர்றியா?"

"இல்லாதத வரையமாட்டேன், அத்தை."

அத்தை என் கையைப் பிடித்துக் கொல்லைக்கு இழுத்துப்போனாள். சோளத்தட்டையின் மேல் பிஷப். கழுத்தில் சிவப்பு ரிப்பன். காலையில் எப்படியாவது தூக்கிப்போகலாம் என்று கட்டினாளாம். தொட்டதுமே வலியில் கத்தியதாம், விட்டுவிட்டுப் போனாளாம்.

ஆக, ரிப்பன் உண்மை. வரைந்தேன். வீங்கிய காலை மாற்றவில்லை.

இமைமயிர் இன்னும் முட்டாள்தனம்தான். அத்தை அழுதபோது நானும் — சரி, நானும்தான். இதோ, அம்மா விளக்கை அணைக்க வந்துவிட்டாள்.