சாயம் ஒட்டாத செல்கள்

'உன் இஷ்டம்' அவர்களுக்கு,

கோபம் இன்னும் ஆறவில்லை; கடிதம் எழுதுகிறாளே என்று தப்புக்கணக்குப் போட வேண்டாம். இந்த அவமானத்தை வேறு யாரிடமும் சொல்ல முடியாது, அவ்வளவுதான்.

ஆய்வகப் பயிற்சியின் முதல் வாரமே, பொரியப்போகும் கோழிக்குஞ்சின் கண் லென்ஸை என்னிடம் கொடுத்தார்கள். அதை மெல்லிசாகச் சீவி, செல்களின் உட்கருவுக்கு நீலச் சாயம் ஏற்ற வேண்டும். ஓரத்துச் செல்களில் நீலப் பொட்டு பளிச்சென்று விழுந்தது. நடுவில் ஒன்றையும் காணோம். சாயம் கெட்டுவிட்டது என்று புதுப் புட்டியைத் திறந்தேன். மூன்று நாள், நாற்பது சீவல். நடுப்பகுதி மொட்டையாகவே இருந்தது. கடைசியில் மூக்கை உறிஞ்சிக்கொண்டு, பயிற்சி தரும் மேடத்திடம் போய் நின்றேன்.

"அட, சாயத்துல தப்பில்லம்மா. அந்த செல்லுங்க வளரும்போதே உட்கருவைத் தானே கரைச்சிடும். நடுவுல அது நின்னா வெளிச்சம் சிதறிப்போகும்ல?" என்று சிரித்தார்.

நானும் சிரித்தேன். பிறகு முடியவில்லை.

கிளம்பிய அன்று திரைச்சீலைக்கு என்ன நிறம் என்று கேட்டேன். நீங்கள் வழக்கம்போல "உன் இஷ்டம்" என்றீர்கள். "உள்ள ஒண்ணுமே இல்லையா உங்களுக்கு?" என்று கத்தினேனே! இந்தப் பயிற்சிக்குப் போகட்டுமா என்று கேட்டபோதும் நீங்கள் அதையேதான் சொன்னீர்கள். பிள்ளைக்கு யார் தலைவாருவது என்று நான் கேட்கவும் இல்லை, நீங்கள் சொல்லவும் இல்லை.

உட்கருவைக் கரைத்த செல்லால் அப்புறம் தன்னைப் பழுதுபார்த்துக்கொள்ள முடியாதாம். அதனால் திரைச்சீலை நிறத்தையாவது நீங்களே சொல்லுங்கள். பச்சை மட்டும் வேண்டாம்.

சனிக்கிழமை நாலு மணி பஸ்ஸில் வருகிறேன். அழைத்துப்போக வருவது உங்கள் இஷ்டம்.

விரலெல்லாம் நீலமாக,
உங்கள் வீட்டுக்காரி