நாற்பத்தொன்றாம் எண் வீடு

ஆன்ட்வெர்ப்,
புதன்கிழமை.

அன்புள்ள தம்பி செலிக்குக்கு,

இங்கு நாங்கள் நலம். ஹைஃபாவில் நீயும் ரிவ்காவும் பிள்ளைகளும் சௌக்கியம்தானே? அப்பாவுக்கு மூச்சிரைப்பு குறையவில்லை. ஆனால் மனிதர் மறுபடி பேச ஆரம்பித்துவிட்டார். அதைச் சொல்லத்தான் இந்தக் கடிதம்.

போன வருஷம் நீ அப்பா பிறந்த ஊரான சாலிவ்காவுக்குப் போனாய். பிறப்புப் பதிவில் வீட்டு எண் 41 என்று இருந்ததால், 41 என்று பலகை மாட்டிய வீட்டைப் படமெடுத்து வந்தாய். "என்னப்பா, ஜன்னலைத் திறந்தா ஜெப ஆலயம்னு அளந்தீங்க? உங்க வீடு மாட்டுச்சந்தை பக்கத்துல இருக்கு!" என்றாய். எல்லாரும் சிரித்தோம். அன்றோடு அவர் ஊர்க்கதை பேசுவதை நிறுத்திவிட்டார்.

எனக்கு மனசு ஆறவில்லை. லிவிவ் ஆவணக் காப்பகத்திலிருந்து அந்த ஊர் ஆஸ்திரியப் பேரரசர் ஆட்சியில் இருந்த காலத்து நில அளவை வரைபடத்தின் நகலை வரவழைத்தேன். மர வீடு மஞ்சள், கல் கட்டடம் சிவப்பு. முதலில் ஒன்றும் பிடிபடவில்லை. 40 ஒரு மூலையில், 42 ஆற்றோரத்தில். பிறகுதான் உறைத்தது: வீடு கட்டக் கட்ட எண் கொடுத்திருக்கிறார்கள், தெரு வரிசைப்படி அல்ல. இப்போதுள்ள எண்கள் போருக்குப் பிறகு போட்டவை. நீ படமெடுத்தது யார் வீடோ! நம் 41 மஞ்சளாக, யூத ஜெப ஆலயத்தின் சிவப்புச் சுவரை ஒட்டி இருக்கிறது. இன்று இரண்டுமே அங்கே இல்லை. இருந்தாலும் சமையலறையிலேயே துள்ளிக் குதித்தேன்.

வரைபடத்தை மேசையில் விரித்தேன். நான் காட்டுவதற்குள் அப்பாவின் விரல் அங்கே போய்விட்டது. "இந்த ஜன்னல்லேர்ந்துதான்டி எங்கம்மா, 'யாங்கல், ராகம் தப்பு!'ன்னு கத்துவா. ஆலயத்துல பாடுற அந்த யாங்கல் உள்ளேர்ந்து, 'நீயே வந்து பாடேன்'ம்பான்" என்றார். அந்த முகத்தில்தான் எவ்வளவு பெருமை! மாடி வீட்டு ஹெர்ஷைக் கூப்பிட்டுக் காட்டியாகிவிட்டது. ரொட்டிக்கடைக்காரருக்கும் காட்டியாகிவிட்டது. எனக்கும் பெருமைதான், மறைப்பானேன்.

ஆனால் யார் பார்த்துவிட்டுப் போனாலும், "செலிக் பார்த்தானா?" என்று கேட்கிறார்.

நகலை இத்துடன் வைத்திருக்கிறேன். உன் வீட்டுச் சுவரில் நீ மாட்டி வைத்திருக்கும் அந்த மாட்டுச்சந்தை வீட்டுப் படத்தைக் கழற்று. இது கைக்குக் கிடைத்ததும் வரும் வெள்ளிக்கிழமை, ஓய்வுநாள் மெழுகுவர்த்தி ஏற்றுவதற்கு முன் அவரைப் போனில் கூப்பிடு. மன்னிப்பெல்லாம் கேட்காதே, அவருக்குப் பிடிக்காது. யாங்கல் எந்தப் பாட்டைத் தப்பாகப் பாடினான் என்று மட்டும் கேள். மூச்சு வாங்கினாலும் பாடிக் காட்டுவார். முடிக்கும்வரை போனை வைக்காதே.

அந்தப் பாட்டு உன் பிள்ளைகள் வாயில் நீடூழி வாழட்டும், சரியான ராகத்தில்.

உன் அக்கா,
பெர்லா