துப்பாக்கிக் கட்டையில் ஆறு கீறல்கள்

பிப்ரவரி 3

துப்பாக்கி லைசென்ஸ் பதிவேட்டுக் காப்பாளர் அவர்களுக்கு,

வணக்கம். அருங்காட்சியகத்திலிருந்து ஒரு பழைய ரைஃபிள், புதுப்பித்துத் தரச்சொல்லி என் பட்டறைக்கு வந்திருக்கிறது. எண் 1147. குழலுக்கு அடியில் நீண்டு போகும் மரக்கட்டையில் கத்தியால் போட்ட ஆறு குறுக்குக் கீறல்கள். "எவனோ வேட்டைக்காரன் கொன்னதுக்கெல்லாம் கணக்கு வெச்சிருக்கான். தேய்ச்சு வழவழன்னு ஆக்கிடுங்க" என்கிறார் அருங்காட்சியகத் தலைவர். உப்புத்தாளைக் கையில் எடுத்தேன், மனம் வரவில்லை. மரத்தில் போனது போனதுதான். முன்பு இது யாரிடம் இருந்தது என்று பார்த்துச் சொன்னால் உதவியாக இருக்கும்.

அம்மையார் நலம்தானே? காலையில் அடுக்குத் தும்மல் இன்னும் வருகிறதா?

இப்படிக்கு,
துப்பாக்கி பழுதுபார்ப்பவன்

பிப்ரவரி 11

துப்பாக்கிக்காரருக்கு,

பிரிந்து மூன்று வருடம் கழித்து என் கணவர் எழுதிய முதல் கடிதத்தில் நான் 'அம்மையார்'. பக்கத்து மேஜைக்காரி படித்துவிட்டுச் சிரித்ததில் அவளுக்குத் தேநீர் புரையேறிவிட்டது. தும்மல் வருகிறது. உங்களைப் போல் அதுவும் சொல் பேச்சு கேட்பதில்லை.

1147 ஒரு பல் டாக்டர் பெயரில் ஏழு வருடம் இருந்திருக்கிறது. பிறகு ஒப்படைத்துவிட்டார். அந்த ஏழு வருடத்தில் அவர் வாங்கிய தோட்டா ஒன்றுகூட இல்லை. மனிதர் பல்லைத் தவிர வேறு எதையும் சாய்த்ததாகத் தெரியவில்லை. ஆகவே அது வேட்டைக் கணக்கு இல்லை. கிளினிக் உங்கள் ஊரில்தான், விலாசம் தனித்தாளில்.

எனக்கு ஒரே ஆச்சரியம். எனக்கு இந்த ஊருக்கு வேலை மாற்றல் வந்தபோது என்னை ஒரு வார்த்தை கேட்காமல், 'அவள் வரமாட்டாள்' என்று என் ஆபீசுக்கே எழுதிப் போட்டவர் நீங்கள். இன்று ஒரு மரக்கட்டைக்காக ஊரெல்லாம் விசாரிக்கிறீர்கள். கட்டை கொடுத்துவைத்தது.

காப்பாளர்

பிப்ரவரி 20

அன்புள்ள உனக்கு,

திட்டு கிடைத்தது. நியாயமான திட்டு.

டாக்டர் காலமாகிப் பல வருடம் ஆகிறது. அதே கிளினிக்கில் இப்போது அவர் மகள்தான் டாக்டர், அறுபதை நெருங்குகிறார். கோணியில் சுற்றிய துப்பாக்கியோடு நான் நுழைந்ததும், காத்திருந்த இருவருக்குப் பல்வலி அப்போதே தீர்ந்துவிட்டது; எழுந்து போய்விட்டார்கள்.

கோணியைப் பிரித்தேன். அந்தம்மா கீறல்களை ஒவ்வொன்றாகத் தடவிப் பார்த்தார்.

"இது நான்தாங்க" என்றார்.

எனக்குப் புரியவில்லை.

"நான் கைக்குழந்தையா இருந்தப்ப மாமா செத்து, இது அப்பா தலையில வந்து விழுந்துச்சு. அவருக்குத் துப்பாக்கின்னாலே பயம். சுடற பாகத்தைக் கழட்டி ஸ்டேஷன்ல கொடுத்துட்டு, மூலையில நிறுத்தி வெச்சார். ஒவ்வொரு பிறந்தநாளுக்கும் என்னைப் பக்கத்துல நிக்க வெச்சு, உச்சந்தலைக்கு நேரா ஒரு கீறல். ஏழு வயசுல நான் கட்டையைத் தாண்டிட்டேன். இனிமே இது எதுக்குன்னு கொண்டுபோய்க் கொடுத்துட்டார்."

மேலே போகப் போகக் கீறல்கள் நெருங்கி வந்த காரணம் அப்போதுதான் எனக்கு உறைத்தது. நாலாவது மட்டும் கோணல். "அப்ப குதிச்சிட்டேன்" என்றார். அப்புறம் என்னை வாயைத் திறக்கச் சொல்லி, ஒரு கடைவாய்ப் பல்லையும் அடைத்து அனுப்பினார்.

தலைவரிடம் போய், துருவை எடுக்கிறேன், கட்டைக்கு எண்ணெய் போடுகிறேன், கீறலைத் தொடமாட்டேன், வேண்டுமென்றால் வேறு ஆளைப் பாருங்கள் என்றேன். முறைத்தார். மறுநாள் அந்தம்மாவையே கூட்டிக்கொண்டு போனேன். கேட்டு முடித்துவிட்டுத் தலைவர் வெகுநேரம் மூக்குக் கண்ணாடியைத் துடைத்துக்கொண்டிருந்தார். கீறல்கள் இருக்கும்.

இனி என் விஷயம். உன் ஆபீசுக்கு அன்று நான் எழுதியது பயத்தில். நீ போய்விடுவாயோ என்ற பயம். அதைச் சொல்லத் தெரியாமல் உனக்காக நானே பதில் எழுதினேன். தப்பு. இப்போது கேட்கிறேன். மார்ச் முதல் ஞாயிறு உன்னைப் பார்க்க வரட்டுமா? வேண்டாம் என்றால் வரமாட்டேன்.

உன் பதிலை எதிர்பார்க்கும்,
நான்

பிப்ரவரி 25

அன்புள்ள உங்களுக்கு,

ஞாயிறு வேண்டாம். அன்று எனக்கு நீச்சல் வகுப்பு. நாற்பத்தெட்டு வயதில் என்ன நீச்சல் என்று சிரிக்காதீர்கள். இன்னும் இடுப்பளவுத் தண்ணீரில்தான் நிற்கிறேன், ஆனால் ஒரு வாரமும் விட்டதில்லை. வேலையையும் விடமாட்டேன்; முதலிலேயே சொல்லிவிடுகிறேன்.

சனிக்கிழமை வாருங்கள். பத்து மணி பஸ்ஸுக்கு நிறுத்தத்தில் நிற்பேன்.

என் வீட்டில் ஒரே ஒரு நாற்காலிதான். ஆர்வத்தில் பட்டறையில் ஒன்றைச் செய்து தோளில் தூக்கிக்கொண்டு வந்துவிடாதீர்கள். கடைக்கு இரண்டு பேரும் போவோம். இரண்டு பேரும் உட்கார்ந்து பார்த்துவிட்டு எடுப்போம்.

மனைவி