முதுகுப் படம்

திருப்பூர்
14.6.2004

சாரதாமணிக்கு,

மருதாசலம் எழுதுவது. நலமா என்று கேட்டாலும் கோபப்படுவாய், கேட்காவிட்டாலும் கோபப்படுவாய். அதனால் நேராக விஷயத்துக்கு வருகிறேன்.

போன் செய்தேன். உன் அண்ணன் எடுத்து, "தங்கச்சி போன்ல பேசமாட்டாளாமுங்க மாப்பிள்ளை. நீங்க கத்துவீங்களாம். எதுன்னாலும் எழுதச் சொன்னா" என்றார். கத்துவேன்தான். மெஷின் சத்தத்துக்கு மேலே பேசிப் பேசி வந்த தொண்டை. காகிதத்தில் கத்த முடியாது, அதுவரைக்கும் உனக்கு லாபம்.

ஒரு ஆர்டர் வந்திருக்கிறது. ஜெர்மனியில் டாக்டருக்குப் படிக்கிற பிள்ளைகளின் சங்கம். எட்டாயிரம் பனியன். முன்பக்கம் நாலு கட்டம், பின்பக்கம் தோலை உரித்த மனுசனின் முதுகு. சதையெல்லாம் சிவப்பில், பெயர்கள் கறுப்பில் கோடு போட்டு. நம் பிரிண்டிங் சூப்பர்வைசர் வேலுமணி படத்தைப் பார்த்ததும், "ஏனுங்க மொதலாளி, கறிக்கடைக்குங்களா?" என்று கேட்டான்.

அந்த நாலு கட்டத்தில் எது மேல், எது கீழ் என்று இங்கே ஒருத்தருக்கும் தெரியவில்லை. ஒன்று செங்கல் அடுக்கினது மாதிரி, ஒன்று சிக்கு விழுந்த நூல் மாதிரி, ஒன்று கோடு போட்ட துணி, கடைசியில் ஒரு சிலந்தி. போடப் போகிறவர்கள் எல்லாம் நாளைக்கு டாக்டர்கள். தப்பு இருந்தால் பெட்டியைத் திறந்த நிமிஷமே கண்டுபிடித்து மொத்தத்தையும் திருப்பி அனுப்புவார்கள். சரக்கு எடுக்கிற இந்த பையர் போனால் அடுத்த வருஷம் பட்டறையில் பாதிப் பேருக்கு வேலை இருக்காது. ஜூலை 20 ஷிப்மெண்ட்.

கல்யாணத்துக்கு முன் நர்சிங் படித்தவள் நீ, இப்போது நர்சிங் ஸ்கூலில் இந்தப் பாடம்தான் நடத்துகிறாய் என்று கேள்விப்பட்டேன். கட்டங்களை டிரேஸ் எடுத்து இதில் வைத்திருக்கிறேன்.

எனக்குச் சோறு இறங்கவில்லை. பழனாத்தாள் காலையில் வந்து சமைத்து மூடி வைத்துவிட்டுப் போகிறாள். ரெண்டு பேர் இருந்த ஊட்டில் ஒருத்தனுக்கு எவ்வளவு அரிசி போடுவது என்பது மூன்று வருஷமாகியும் அவளுக்குக் கைவரவில்லை.

இப்படிக்கு,
மருதாசலம்

தாராபுரம்
18.6.2004

திரு. மருதாசலம் அவர்களுக்கு,

வணக்கம். டிரேஸ் கிடைத்தது.

முதல் கட்டம் தலைகீழாக இருக்கிறது. அது எபிதீலியத் திசு, உடம்புக்கு மேலுறை. செல்கள் இடைவெளி இல்லாமல் நெருங்கி நிற்கும். ஒட்டியிருக்கிற விளிம்பு கீழே, திறந்த விளிம்பு மேலே வர வேண்டும். சிக்கு நூல் என்றீர்களே, அது இணைப்புத் திசு. எலும்பு, தசைநாண், ரத்தம்கூட இந்த வகைதான். எப்படி வைத்தாலும் பாதகமில்லை. மூன்றாவது தசைத் திசு. வரிகள் இழைக்குக் குறுக்கே ஓட வேண்டும், படம் வரைந்த உங்கள் பட்டறைப் பையன் இழையோடு சேர்த்து இழுத்துவிட்டான். நான்காவது சிலந்தி இல்லை, நரம்புச் செல். அதன் நீளமான வாலைக் கட்டத்துக்கு வெளியே வெட்டிவிட்டீர்கள்.

ஒன்று சொல்லியே ஆக வேண்டும். நான் ஆஸ்பத்திரியில் கிடந்தபோது டாக்டரிடம் நீங்கள், "சதைப்பிடிப்புதானுங்க, ரெண்டு நாள்ல எந்திரிச்சுருவா" என்றீர்கள். அது சதை இல்லீங்க. இடுப்பு டிஸ்க். ரெண்டாவது கட்டத்து வகை. தசைக்கு ரத்தம் நிறையப் போகும், சீக்கிரம் ஆறிவிடும். டிஸ்க்குக்கு ரத்தம் போவது மிகக் குறைவு, மாசக்கணக்கில் இழுக்கும். பெட்டி கட்டிக் கட்டி வந்த வலி அது.

பதினோரு நாள் கிடந்தேன். நீங்கள் ஒரு தடவை வந்தீர்கள். கண்டெய்னர் என்று போன் வந்தது. வெளியே போனீர்கள், திரும்பி உள்ளே வரவில்லை. டிஸ்சார்ஜ் ஆன அன்றைக்கு அண்ணன் வீட்டுக்கு வந்தவள்தான் நான்.

முதுகுப் படத்தை அனுப்பினால் பார்த்துச் சொல்கிறேன். உங்களுக்காக இல்லை. படிக்கிற பிள்ளைகள் தப்பைப் போட்டுக்கொண்டு திரியக் கூடாது.

சாரதாமணி

திருப்பூர்
22.6.2004

சாரதாமணிக்கு,

நீ சொன்னபடி மூன்று கட்டத்தையும் திருத்தியாயிற்று. வேலுமணி இப்போது வருகிறவன் போகிறவனிடமெல்லாம் எபிதீலியம் என்கிறான். டீக்கடைக்காரர் அது ஏதோ சாமி பேர் என்று நினைத்துக்கொண்டிருக்கிறார்.

முதுகுப் பக்கம் அடித்த முதல் துணி இத்துடன் வருகிறது. தைப்பதற்கு முன்னால் வெட்டின துண்டில்தான் அடிப்போம், அது உனக்குத் தெரிந்ததுதான். பெயர்களில் எழுத்துப் பிழை இருக்கிறதா என்று மட்டும் பார். படத்தைப் பார்க்க வேண்டியதில்லை, அது பையர் கொடுத்த பிலிமிலிருந்து அப்படியே எடுத்தது. திங்கட்கிழமை 28ஆம் தேதி மொத்தமாக அடிக்க ஆரம்பிக்கிறோம். அதற்குள் உன் பதில் வர வேண்டும்.

கண்டெய்னர் விஷயம் எழுதியிருந்தாய். படித்தேன். அதைப் பற்றி அப்புறம் எழுதுகிறேன்.

உன்னிடம் இன்னொன்று கேட்க வேண்டும் என்று இருந்தேன். பழனாத்தாள் ஒரு சங்கதி சொன்னாள். சரி, வேண்டாம். ஷிப்மெண்ட் முடியட்டும்.

மருதாசலம்

தாராபுரம்
25.6.2004

திரு. மருதாசலம் அவர்களுக்கு,

சாதாரணத் தபாலில் போட்டால் உங்கள் மேஜையில் பில்லோடு பில்லாகக் கிடக்கும். அதனால் ரிஜிஸ்டரில் அனுப்புகிறேன்.

பெயர்களில் ஒரு எழுத்துகூடப் பிழையில்லை. படம்தான் தப்பு.

இந்த மாதிரிப் படத்தில் இடது பாதியில் தோலுக்கு அடியில் இருக்கிற தசைகளைப் போடுவார்கள். கழுத்திலிருந்து தோள் வரைக்கும் விரிந்து நடுமுதுகில் கூர்மையாக முடிகிற டிரபீசியஸ், அதற்குக் கீழே இடுப்பு வரைக்கும் அகலமான லாட்டிசிமஸ். வலது பாதியில் அவற்றை எடுத்துவிட்டு உள்ளே இருப்பதைக் காட்டுவார்கள். தோள்பட்டை எலும்பை முதுகெலும்போடு இழுத்துப் பிடிக்கிற ராம்பாய்டு, முதுகெலும்பை ஒட்டி நெடுக ஓடி நம்மை நிமிர்த்தி வைக்கிற எரெக்டர் ஸ்பைனே.

உங்கள் துணியில் சிவப்பு மட்டும் இடம் வலமாக மாறியிருக்கிறது. டிரபீசியஸ் என்று போட்ட கோடு ராம்பாய்டில் போய் நிற்கிறது. கறுப்புக்கு எடுத்த அச்சு ஸ்க்ரீன் சரி, சிவப்பு ஸ்க்ரீனுக்கு வைத்த பிலிமைப் புரட்டி வைத்திருக்கிறார்கள். வெளிக்கோடு ரெண்டு பக்கமும் ஒரே மாதிரி இருப்பதால் உட்கார வைத்ததும் உட்கார்ந்துவிட்டது. யார் கண்ணிலும் படவில்லை. பதினைந்து வருஷம் அந்தப் பட்டறைக்குள் நடந்தவள் நான், இது எப்படி நடந்திருக்கும் என்று எனக்குத் தெரியும்.

அச்சை ஆரம்பிக்காதீர்கள். சிவப்பு ஸ்க்ரீனைப் புதிதாக எடுங்கள்.

சாரதாமணி

திருப்பூர்
5.7.2004, காலை

சாரதா,

இதைத் தாராபுரம் பஸ் கண்டக்டரிடம் கொடுத்து அனுப்புகிறேன். மத்தியானத்துக்குள் உன் ஸ்கூல் வாசலில் கொடுத்துவிடுவார்.

உன் ரிஜிஸ்டர் கவர் போன திங்கட்கிழமை வந்தது. நீளமான பழுப்புக் கவர், கையெழுத்துப் போட்டு வாங்கினேன். பிரிக்கவில்லை. ஒரு வாரமாக மேஜை டிராயரில் இருக்கிறது. டிராயரைப் பூட்டி சாவியைப் பூஜை அறையில் வைத்திருக்கிறேன்.

வெட்கத்தை விட்டுச் சொல்கிறேன். பழனாத்தாளின் தங்கச்சி தாராபுரத்தில் உன்னை வக்கீல் ஆபீஸ் படியில் பார்த்தாளாம். ரெண்டு தடவை. அதற்கப்புறம் ரிஜிஸ்டரில் ஒரு கவர் வந்தால் நான் என்னவென்று நினைப்பது? எழுத்துப் பிழை பார்த்துச் சொல்ல யாராவது ரிஜிஸ்டரில் அனுப்புவார்களா?

தாராளமாக நோட்டீஸ் அனுப்பு. உனக்கு உரிமை இருக்கிறது. ஆனால் ஷிப்மெண்ட் முடிகிற வரைக்கும் என்னால் அதைப் பிரிக்க முடியாது. பிரித்தால் கை கால் ஓடாது. அச்சு ஒரு வாரமாக ஓடிக்கொண்டிருக்கிறது. பெயரெல்லாம் பிலிமில் இருந்தபடியே இருக்கிறது என்று வேலுமணி சொன்னான். மூவாயிரம் துண்டு அடித்து, ஆயிரத்துச் சொச்சம் தைத்தும் ஆகிவிட்டது. பையரின் ஆள் வந்து பார்த்து ஓகே சொல்லிவிட்டுப் போனான்.

படத்தைப் பற்றி நீ தனியாக ஏதாவது சொல்வதாக இருந்தால் வேறே எழுது.

மருதாசலம்

தாராபுரம்
5.7.2004, மத்தியானம்

ஏனுங்க,

கவரைப் பிரிங்க. இப்பவே. அது நோட்டீஸ் இல்லை.

அச்சை முதலில் நிறுத்துங்க, அப்புறம் பிரிங்க.

பட்டறைக்குப் போன் போட்டேன், லைன் கிடைக்கவில்லை. அதே கண்டக்டரிடம் கொடுத்திருக்கிறேன். பஸ் கிளம்புகிறது.

சாரதாமணி

திருப்பூர்
12.7.2004

சாரதாமணிக்கு,

நிறுத்தினேன். பிரித்தேன். படித்துவிட்டு டேபிளில் கிடந்த துண்டைக் கையில் எடுத்துப் பார்த்தால் நீ சொன்னது அப்படியே இருக்கிறது. மூவாயிரம் முதுகும் உள்ளே வெளியே மாறிக் கிடக்கிறது. வேலுமணி தலையில் கை வைத்துக்கொண்டு ஸ்க்ரீன் ரூம் தரையில் உட்கார்ந்துவிட்டான். அங்கிருந்தே, "மொதலாளி, செக்கிங்காரனே ஓகேன்னுட்டானுங்க. அவனவன் முதுகை அவனவனே பாக்க முடியாது. அப்படியே உட்டுருவமுங்களா?" என்றான்.

"உனக்குப் பின்னால நடக்கறவன் பாப்பான்டா. அவனும் டாக்டரு" என்றேன்.

அவன் சொன்னதை நானும் யோசித்தேன் என்பதை உன்னிடம் மறைக்க மாட்டேன். அரை மணி நேரம் யோசித்தேன். அப்புறம் பையருக்கு நானே மெயில் போடச் சொன்னேன். எங்கள் தப்பு, இத்தனை துண்டு, பத்து நாள் வேண்டும் என்று. ரெண்டு நாள் பதில் இல்லை. அந்த ரெண்டு நாள் எப்படிப் போனது என்று எழுத எனக்குத் தெரியவில்லை. மூன்றாம் நாள் திட்டித்தான் வந்தது, ஆனால் ஆர்டரைக் கேன்சல் செய்யவில்லை. கப்பலுக்குப் பதிலாக விமானத்தில் அனுப்ப வேண்டும். சரி என்றேன். புது ஸ்க்ரீனில் இன்றைக்கு அச்சு ஓடுகிறது. முதல் துண்டை உன் கடிதத்தைப் பக்கத்தில் வைத்து நானே பார்த்தேன். டிரபீசியஸ் கோடு டிரபீசியஸில் நிற்கிறது.

இப்போது கண்டெய்னர் விஷயம்.

போன் வந்தது நிஜம். கண்டெய்னர் தூத்துக்குடியில் நின்றதும் நிஜம். பேசி முடிக்கக் கால் மணி நேரம் ஆகியிருக்கும். அதற்கப்புறம் ஆஸ்பத்திரி படியில் ரொம்ப நேரம் நின்றேன். உள்ளே நீ புரண்டு படுக்கக்கூட முடியாமல், தலையணையைக் கடித்துக்கொண்டு படுத்திருந்தாய். அதைப் பார்க்க எனக்குத் தைரியம் வரவில்லை. டாக்டரிடம் சதைப்பிடிப்பு என்று சொன்னதும் அதனால்தான். பெரிசாக ஒன்றுமில்லை என்று யாராவது சொல்லிவிட்டால் தேவலை என்று இருந்தது. யாரும் சொல்லவில்லை, நானே சொல்லிக்கொண்டேன். பெட்டி கட்டச் சொன்னவன் நான்தானே. மறுநாளும் படி வரைக்கும் வந்தேன். அதற்கு அடுத்த நாளும் வந்தேன். கண்டெய்னர் மேல் பழியைப் போட்டுவிட்டு இத்தனை வருஷம் ஓட்டிவிட்டேன்.

அந்த ஒரு வாரம் டிராயரைப் பூட்டி வைத்திருந்தேனே, அதேதான். சரக்கு விலையில் ஒருத்தனும் என்னை ஏமாற்ற முடியாது. எனக்கு வந்த கவரை மட்டும் பிரிக்க வராது.

தப்பாக அச்சானதையெல்லாம் கழிவுத் துணியாக மில் வேஸ்ட்டுக்குப் போடுகிறேன்.

மருதாசலம்

தாராபுரம்
20.7.2004

மாமாவுக்கு,

வேஸ்ட்டுக்குப் போடாதீங்க. தைத்தவற்றில் ஐம்பது எனக்கு அனுப்பி வைங்க. முதல் வருஷப் பிள்ளைகளுக்குக் கொடுத்து, எந்தக் கோடு எங்கே தப்பாக நிற்கிறது என்று கண்டுபிடிக்கச் சொல்லப் போகிறேன். நீங்கள் முன்பு அனுப்பிய துண்டைப் போன வாரம் பலகையில் மாட்டினேன். ஐம்பது பேரில் ஆறு பேர்தான் கண்டுபிடித்தார்கள். வேலுமணியைத் திட்டாதீங்க.

படியில் நின்றீர்கள் என்று எழுதியிருந்தீர்கள். அந்தப் பதினோரு நாளும் நான் கதவைப் பார்த்தபடிதான் படுத்திருந்தேன். அந்தப் பக்கம்தான் வலி கம்மி என்று நர்சிடம் சொன்னேன். அப்படி ஒன்றும் இல்லை. ரெண்டு பக்கமும் ஒரே வலிதான்.

வக்கீலிடம் போனேன். பழனாத்தாள் தங்கச்சி சொன்னது சரிதான். ரெண்டு தடவை போனேன். நோட்டீஸ் டைப் அடித்துக் கொடுத்துவிட்டார். என் கைப்பையில் இருக்கிறது. கையெழுத்துப் போடவில்லை. கிழிக்கவும் இல்லை. இதைவிட நேராக எனக்குச் சொல்லத் தெரியவில்லை.

ஞாயிற்றுக்கிழமை வந்தால் வாங்க. கார் வேண்டாம், பஸ்ஸில் வாங்க. அவிநாசிபாளையத்தில் ஒரு தடவை இறங்கி நடந்துவிட்டு ஏறுங்கள், உங்கள் முதுகும் ஒன்றும் இருபது வயசு முதுகு இல்லை. போனை ஊட்டில் வைத்துவிட்டு வரவேண்டும். இந்த வீட்டுக்கும் படி இருக்கிறது, ஏழு படி. அண்ணன் வெளியே நிற்க விடமாட்டார்.

சாரதாமணி

திருப்பூர்
22.7.2004

சாரதாவுக்கு,

உன் கடிதம் இன்றைக்குப் பதினோரு மணிக்கு வந்தது. தபால்காரர் சைக்கிளை எடுப்பதற்குள் வாசலிலேயே பிரித்துவிட்டேன். அவர் நின்று பார்த்துவிட்டு, "நல்ல சேதிங்களா?" என்று கேட்டார். "தெரியலீங்க, ஆனா படிச்சுட்டனுங்க" என்றேன்.

ஐம்பது பனியன் கட்டி வைத்தாயிற்று. நானே கொண்டு வருகிறேன். போன் வேலுமணியிடம் இருக்கும். வேறே எந்தக் கண்டெய்னர் நின்றாலும் நிற்கட்டும், அவனும் பேசிப் பழகட்டும்.

நோட்டீஸைக் கிழிக்காதே. பையிலேயே இருக்கட்டும். ஞாயிற்றுக்கிழமை அதை என்னிடம் கொடு. எங்கெங்கே தப்பு என்று போட்டிருக்கிறது என்பதை நான் உட்கார்ந்து முழுசாகப் படிக்க வேண்டும்.

காலை ஏழரை பஸ்.

மருதாசலம்