துண்டு வேதத்தில் இல்லை

9-7-1983, சனி

மூன்று நாளாக மூடுபனி. கொடியில் போட்ட வேட்டி காயவே இல்லை. தெரசம்மாள் அதை எடுத்து அடுப்புக்கு மேலே கட்டிவிட்டாள். இனி புகை வாசனையோடு காயும்.

பத்து மணிக்கு ஜெபக்கூடத்துப் பாஸ்டர் ராஜேந்திரன் வந்தார். சேலத்தில் ஓட்டல் நடத்தியவர். ஏழு வருஷத்துக்கு முன் மனம் திரும்பி, ஏற்காட்டுக்கு வந்து சபை நடத்துகிறார். இன்னமும் எந்த வீட்டுக்குள் நுழைந்தாலும் எத்தனை பேர் உட்காரலாம் என்று கண்ணால் எண்ணுகிறார்.

"வாழவந்தி, மஞ்சக்குட்டை, மாரமங்கலம், இந்தப் பக்கமெல்லாம் போய்ப் பேசறேனுங்க சார். எவ்வளவு பேசினாலும் மழை பேஞ்ச மாதிரிதான், ஓடிப்போயிருது. படம் காட்டினா நொம்ப நல்லா இருக்குமுங்க. ஒரு பத்துப் படம். மலையில டிராயிங் மாஸ்டரா இருந்தவர் நீங்க ஒருத்தர்தானே."

காடாத் துணியில் இயேசுவின் வாழ்க்கை, ஜீப்பில் சுருட்டிக்கொண்டு போக வசதியாக. இரண்டு நிபந்தனை வைத்தார். தலைக்குப் பின்னால் தட்டு கூடாது. ஒளிவட்டத்தைத்தான் தட்டு என்கிறார்; ஓட்டல்காரர். இன்னொன்று, மாதா தனியாக நிற்கக் கூடாது. "கூட்டத்தோட நின்னா பரவால்லைங்க."

ஒரு கத்தோலிக்கனிடம் வந்து மாதாவைக் கூட்டத்தில் நிறுத்தச் சொல்கிறார். யோசித்துச் சொல்வதாகச் சொல்லி அனுப்பினேன். அவர் போனபின் பார்த்தால், பேப்பர் ஓரத்தில் என் கை ஒரு படகு வரைந்து வைத்திருக்கிறது. உள்ளே நாலு பேர் வேறு.

10-7-1983

தெரசம்மாளிடம் சொன்னேன். சொல்லாமல் இருந்திருக்கலாம்.

"ஏனுங்க, நமக்கெல்லாம் ஞானஸ்நானமே ஆகலைங்கறவங்க அவங்க. அவங்களுக்குப் போயி படம் போடறதா? வெரல் அரிக்குதுன்னா சொல்லுங்க, சுண்ணாம்பு கரைச்சுத் தர்றேன். கோழிக்கூட்டுக்கு அடிங்க."

விரல் அரிப்பது உண்மைதான். ஓய்வு பெற்று மூன்று வருஷம். கோயிலில் இப்போது எல்லாப் படமும் அச்சடித்தே வருகிறது. எனக்கென்று மிச்சமிருப்பது கிறிஸ்துமஸ் குடில் ஒன்று. இருபத்திரண்டு வருஷமாக நான்தான் கட்டுகிறேன். வருஷத்தில் பத்து நாள் மட்டும் நான் மாஸ்டர். மற்ற நாளெல்லாம் பென்ஷன்காரன்.

அப்படியானால் இது ஊழிய ஆசையா, பிரஷ் ஆசையா?

17-7-1983, ஞாயிறு

பூசை முடிந்து ஃபாதரிடம் கேட்டேன். அவர் எந்தக் கேள்விக்கும் இரண்டு பதில் வைத்திருப்பவர். "ஆண்டவரை வரையறது நல்ல காரியம்தான் மாஸ்டர். ஆனா நீங்க நம்ம குடில் கட்டறவர். சனங்க பாக்கறாங்கல்ல?" இதில் எது பதில் என்று கேட்டேன். "செபம் பண்ணுங்க" என்றார்.

பண்ணினேன். ஆண்டவரும் ஃபாதர் மாதிரியே, எது பதில் என்று சொல்ல மாட்டேன் என்கிறார்.

21-7-1983

மழை. முடிவில்லை.

24-7-1983

வகுப்பில் எந்தச் சிக்கல் வந்தாலும் உதாரணம் சொல்லித்தான் தப்பித்திருக்கிறேன். இதற்கும் ஒன்று வைத்துப் பார்த்தேன். ஏ செக்‌ஷன் சாக்பீஸை பி செக்‌ஷனுக்குக் கொடுத்தால் சாக்பீஸ் கட்சி மாறிவிட்டதாகுமா? ஆகாது. மனசு லேசானது.

காபி குடிப்பதற்குள் அடுத்த கேள்வி வந்துவிட்டது. பி செக்‌ஷன் வாத்தியார் அந்தச் சாக்பீஸால் "ஏ செக்‌ஷனில் இருப்பவர்கள் எல்லாம் ஃபெயில்" என்று போர்டில் எழுதினால்? அப்போதும் சாக்பீஸுக்குப் பங்கில்லையா?

நல்ல உதாரணத்தில் இதுதான் தொந்தரவு. நிறுத்தச் சொன்ன இடத்தில் நிற்காது.

கடைசியில் ஒன்று முடிவு செய்தேன். நான் நம்பாத எதையும் வரைய மாட்டேன். என் படத்துக்குக் கீழே நின்று எங்கள் ஆட்களைப் பழித்தால் சுருளைத் திரும்ப வாங்கிவிடுவேன். இரண்டையும் பாஸ்டரிடம் சொன்னேன். "ஆமென்" என்றார். சம்மதம் என்கிறாரா, பேச்சு முடிந்தது என்கிறாரா, தெரியவில்லை.

6-8-1983

நாலு படம் முடிந்தன. சிறுவன் இயேசுவைக் காணாமல் தேடுகிற படத்தில் மாதாவைக் கூட்டத்தோடுதான் நிறுத்தியிருக்கிறேன். கூட்டம் அவரைச் சுற்றி நிற்கிறது. பாஸ்டர் கண்ணால் ஆட்களை எண்ணிவிட்டு அடுத்த படத்துக்குப் போனார். வேதத்தில் இருக்கிறாரே, என்ன சொல்ல முடியும்?

வம்பு ஐந்தாவது படத்தில் வந்தது. யோர்தான் நதி. நான் பென்சிலில் கணுக்கால் அளவு தண்ணீர் போட்டிருந்தேன்.

"தண்ணி பத்தாதுங்க சார். மார்பு வரைக்கும் வேணும். முழுகி எந்திரிச்சாத்தான் ஞானஸ்நானம்."

"மார்பளவு போட்டால், பிறந்து எட்டாம் நாள் தலையில் மூன்று சிறங்கை ஊற்றிக்கொண்ட நான் யார்?"

"அதைத்தானுங்க சார் நானும் ஏழு வருஷமாச் சொல்றேன்" என்றார், ரொம்ப அன்பாக.

முழங்கால் வரை ஏறி வந்தேன். அவர் இடுப்பு வரை இறங்கி வந்தார். அதற்கு மேல் நதி நகரவில்லை.

15-8-1983

மாதா பரலோகம் எடுத்துக்கொள்ளப்பட்ட திருநாள். பூசையில் உட்கார்ந்து தண்ணீரையே நினைத்துக்கொண்டிருந்தேன். பாவம்தான். ஆனால் வழி அங்கேதான் கிடைத்தது. ஆண்டவர் கரையேறிய பிறகு வரைந்தால் என்ன?

வந்து உட்கார்ந்து போட்டுவிட்டேன். கரையில் நிற்கிறார். முடியிலிருந்து தண்ணீர் சொட்டுகிறது, துணி உடம்போடு ஒட்டியிருக்கிறது. முழுகினாலும் அப்படி நனையும், தாராளமாக ஊற்றினாலும் அப்படி நனையும். பக்கத்தில் ஞானஸ்நானம் கொடுத்த ஆள், ஒட்டக மயிர் உடுத்தி, இடுப்பில் தோல் கட்டி. பாஸ்டருக்கு அவர் யோவான், எங்களுக்கு அருளப்பர். நதி எவ்வளவு ஆழம் என்பது நதிக்குத் தெரியும்.

பாஸ்டர் பார்த்துவிட்டு, "கர்த்தர் முழுக்க நனைஞ்சிருக்கார், அது போதுமுங்க" என்றார்.

21-8-1983

பத்தும் முடிந்தன. ஒவ்வொன்றுக்கும் அடியில் அந்தப் படத்தின் பெயரை எழுதிக் கொடுத்தனுப்பினேன். நானே எனக்கு வெரி குட் போட்டுக்கொண்டேன்.

28-8-1983

வெரி குட்டை அடித்துவிட வேண்டும்.

ஐந்தாவது படத்துக்கு அடியில் "இயேசுவின் திருமுழுக்கு" என்று எழுதியிருக்கிறேன். ஞானஸ்நானம் என்றல்லவா பாஸ்டர் சீட்டில் எழுதிக் கொடுத்திருந்தார்? சில வருஷமாக எங்கள் கோயிலில் திருமுழுக்கு என்றுதான் வாசிக்கிறார்கள். கை அந்தப் பழக்கத்தில் ஓடிவிட்டது. ஊற்றுகிற நாங்கள் அதை முழுக்கு என்கிறோம். முழுக்குகிறவர்கள் ஸ்நானம் என்கிறார்கள். இதை யோசிக்க இத்தனை வயசாகியிருக்கிறது.

பாஸ்டருக்குச் சந்தோஷம் தாங்கவில்லை. இன்று காலை ஜெபக்கூடத்தில் பிரசங்கமே அதுதானாம். "மாஸ்டர் தன் கையாலயே முழுக்குன்னு எழுதிட்டாருங்க!"

31-8-1983

தெரசம்மாள் பஸ் ஸ்டாண்டிலிருந்து வந்து பையைத் தரையில் வைக்காமலே நின்றாள். கோயில் மாதர் சங்கத்துச் செல்வமேரி, பத்துப் பேருக்கு நடுவில் கேட்டாளாம்: "ஏனுங்க அக்கா, ஊட்டுக்காரர் நம்ம கோயிலுக்கு முழுக்குப் போட்டுட்டாருங்களாமே?"

முழுக்கு என்று எழுதினார் என்பது, மூன்று நாளில் முழுக்குப் போட்டார் என்றாகிவிட்டது. ஒரே ஒரு வினைச்சொல்தான் மாறியிருக்கிறது. இலக்கணப்படி பார்த்தால் சின்னப் பிழை.

தெரசம்மாளிடம் இப்படிச் சொன்னது தப்பு. "இலக்கணத்தையே சமைச்சுச் சாப்புடுங்க" என்று உள்ளே போய்விட்டாள்.

11-9-1983

குடில் வேலையை இளைஞர் மன்றத்துக்குக் கொடுத்துவிட்டார்கள். சேலத்திலிருந்து ஓடி ஓடி எரிகிற சீரியல் லைட் கொண்டுவருகிறார்களாம். "உங்களுக்கும் ரெஸ்ட் வேணுமில்ல மாஸ்டர்" என்றார் ஃபாதர். நான் எங்கும் முழுகவில்லை என்று சொன்னேன். "எனக்குத் தெரியும். சனங்களுக்குத் தெரியணுமே" என்றார்.

இருபத்திரண்டு வருஷம். ஒவ்வொரு மாட்டுக்கும் காது நான் வைத்தது. யாரிடம் போய்ச் சொல்ல? ஒருத்தருக்கும் நான் விரோதமா ஒண்ணும் பண்ணலையே. படம்தானே போட்டேன்?

25-9-1983

அந்த வார்த்தையை அழித்துத் தரும்படி கேட்டுப் போனேன். பாஸ்டர் மறுத்துவிட்டார். "ஆவியானவர் உங்க கையில எழுதினதை நான் எப்படிங்க சார் அழிக்கறது?"

எழுதியது ஆவியானவர் இல்லை, பழக்கம் என்றேன். "அவர் பழக்கத்தையும் உபயோகப்படுத்துவாருங்க" என்றார். ஒருவேளை அது உண்மையாகவும் இருக்கலாம் என்பதுதான் எரிச்சல்.

"அப்படியென்றால் என்னையும் ஒருநாள் கூட்டிப் போங்கள். படத்துக்குக் கீழே என்ன பேசுகிறீர்கள் என்று கேட்க வேண்டும். எங்களைப் பழித்தால் சுருள் என்னோடு திரும்பி வரும்."

ஜீப்பில் முன் சீட் தருவதாகச் சொன்னார்.

9-10-1983

வாழவந்தி. மாரியம்மன் கோயிலைத் தாண்டி ஒரு களம். மூங்கிலில் சுருளைக் கட்டினார்கள். முப்பது பேர் இருக்கும். எல்லாரும் மலைக்காரர்கள், வெயிலுக்காக வந்து உட்கார்ந்தவர்கள் போல எனக்குப் பட்டது. நான் பின்னால் ஒரு கல்லில் உட்கார்ந்தேன். மடியில் துணிப்பை, சுருளைத் திரும்பக் கொண்டுபோகத் தயாராக.

நாலு படம் வரை வம்பில்லை. ஐந்தாவது வந்தது. பாஸ்டர் கோலை எடுத்து, முழுக்கு என்ற வார்த்தையில் வைத்து, என்னை ஒரு தடவை பார்த்து, தொண்டையைச் செருமினார். நான் பையை விரித்தேன்.

அதற்குள் முன்வரிசையிலிருந்து ஒரு அம்மாள் எழுந்தாள். வெள்ளையம்மாள் என்று பேர். சாமையும் கொஞ்சம் காபியும் போட்டிருக்கிறவள்.

"இருங்க சாமி. இவரு ஏனுங்க இப்பிடி நனைஞ்சு போய் நிக்கறாரு?"

"ஆத்துல எறங்கி ஏறியிருக்காருங்க அம்மா. அதுக்கு அர்த்தம் என்னன்னா…"

"அர்த்தம் இருக்கட்டுமுங்க. பக்கத்துல ஆளு நிக்குதே, ஒரு துண்டு எடுத்துக் குடுக்கப்படாதா? இந்தக் குளுருல நெஞ்சுல சளி கட்டிக்குமே!"

"அந்தாளே தோலைக் கட்டிட்டு நிக்கறான், அவங்கிட்ட ஏது துண்டு" என்றது ஒரு கிழக்குரல். எல்லாரும் சிரித்தார்கள். ஆனால் வெள்ளையம்மாள் சிரிக்கவில்லை, உட்காரவும் இல்லை. அவள் பாஸ்டரைப் பார்த்தாள். பாஸ்டர் என்னைப் பார்த்தார். நான் படத்தைப் பார்த்தேன்.

உண்மையாகவே நனைந்துபோய்த்தான் நிற்கிறார். நான்தான் நனைத்து நிறுத்தியிருக்கிறேன். பத்து நாள் தண்ணீரை அளந்தோமே, எங்கள் இரண்டு பேரில் ஒருவருக்குக்கூட இது தோன்றவில்லையே.

பாஸ்டர் பேச வந்ததை விட்டுவிட்டு ஆறாம் படத்துக்குப் போனார். சுருளை நான் கொண்டுவந்தேன். பழித்ததற்காக இல்லை. ஒரு வேலை பாக்கியிருக்கிறது என்று சொல்லி வாங்கி வந்தேன்.

12-10-1983

தெரசம்மாள் செப்டம்பரிலிருந்து சோறு போடுகிறாள், பேசுவதில்லை. துணியை விரித்து உட்கார்ந்தபோது, வாழவந்தியில் நடந்ததை அவளிடம் சொல்லாமல் சுவரிடம் சொன்னேன். அருளப்பர் கையில் நான் வரைந்த துண்டைப் பார்த்துச் சுவர் பதில் சொல்லியது: "இதென்ன, கைக்குட்டையா?"

உள்ளே போய்த் தன் பெட்டியிலிருந்து புது ஈரிழைத் துண்டு ஒன்றை எடுத்து வந்து, கொடியில் நன்றாக விரித்துப் போட்டாள்.

"போடறதுன்னா முழுசாப் போடுங்க. ஓரத்துச் செவப்புக் கரை தெரியணும். தலை தொவட்டற துண்டு, மொத்தமா இருக்கோணும்."

பக்கத்திலேயே நின்று கரையை எண்ணிப் பார்த்தாள். பத்துப் படத்தில், சரியா தப்பா என்று எனக்குள் கேட்காமல் வரைந்தது இந்தத் துண்டு ஒன்றுதான்.

30-10-1983

பாஸ்டர் வந்து பார்த்தார். "துண்டு வேதத்தில் இல்லைங்களே சார்" என்றார். இல்லை என்று ஒப்புக்கொண்டேன். அழிக்கவில்லை. சுருளை அப்படியே வாங்கிப் போனார்.

20-11-1983

அதிசயம். மாரமங்கலத்தில் ஞானோபதேச வகுப்புக்கு அந்தச் சுருளை இரவல் வாங்கியிருக்கிறார் ஃபாதர். பாஸ்டரும் கொடுத்திருக்கிறார். "திருமுழுக்குன்னு போட்டிருக்கே, அப்ப நம்ம படம்தானே மாஸ்டர்" என்றார் ஃபாதர். என்னைக் கோயிலை விட்டு வெளியே தள்ளிய வார்த்தை, படத்தை உள்ளே கொண்டுவந்துவிட்டது.

பிறகு குரலைத் தாழ்த்தினார்: "அந்தத் துண்டு மட்டும்… வேதத்தில் இல்லை, பாருங்க."

நானூறு வருஷத்துக்கு மேலாகப் பிரிந்திருக்கிறவர்கள் ஒரு விஷயத்தில் ஒன்று சேர்ந்துவிட்டார்கள்: துண்டு கூடாது.

24-12-1983, சனி

குடிலை இளைஞர் மன்றம் கட்டி முடித்துவிட்டது. போய்ப் பார்த்தேன். நன்றாகவே இருக்கிறது. அது ஒன்றுதான் வருத்தம். மாடுகளுக்கு நான் வைத்த காது அப்படியே இருக்கிறது.

திரும்பும்போது கடைவீதியில் வெள்ளையம்மாள். அவரைக்காய் விற்க வந்திருந்தாள். என்னை அடையாளம் தெரிந்துகொண்டாள்.

"சாமி, துண்டு போட்டுட்டீங்களாமே! மறுக்கா காட்டினாங்க, பாத்தனுங்க. கரையெல்லாம் அப்படியே அச்சு அசலா இருக்குது. அந்தத் துண்டு குடுத்தவங்க பேரு என்னுங்க? புள்ளைங்க கேக்குதுங்க, எனக்குச் சொல்லத் தெரியலை."

பாஸ்டரைக் கேட்டிருந்தால் யோவான் என்பார். ஃபாதரைக் கேட்டிருந்தால் அருளப்பர் என்பார். இரண்டையும் சொல்லலாமா என்று ஒரு நிமிஷம் பார்த்தேன். பிறகு உள்ளதைச் சொன்னேன்.

"தெரசம்மாள்."