நாற்பது வண்டிக்கு ஒரே புகை

இன்று காலை ஒரகடம் கூட்டுரோட்டில் ஒரு பழைய டூ-ஸ்ட்ரோக் வண்டி நீலப் புகையை என் முகத்தில் துப்பிவிட்டுப் போனது. எரிந்த ஆயில் நாற்றம். காறித் துப்பினேன். வண்டியை நினைத்து அல்ல, என்னை நினைத்து.

பென்னலூரில் என் பழைய வண்டிக் கடையை ஒட்டிப் புகைச் சோதனை மெஷின் போட்டபோது, ஐ.டி.ஐ. படித்த நண்பன் உன்னைத்தான் கூப்பிட்டேன். சான்றிதழ் இல்லாத வண்டியைக் கம்பெனி கேட்டுக்குள் விடமாட்டோம் என்று அப்போதுதான் சொல்லியிருந்தார்கள். தெற்கத்திப் பையன்கள் ஷிப்டுக்கு முன்னால் வரிசை கட்டினார்கள். நீ ஒவ்வொரு சைலன்சரிலும் குழாயைச் செருகி, அளவு வரும்வரை நிதானமாக நிற்பாய். பாதி வண்டி தேறாது.

"பெட்ரோல்ல ஆயிலைக் கண்ணளவுல ஊத்திக்கினு வர்றீங்க, அதான் கக்குது. சைலன்சர்ல கார்பனைச் சுரண்டிட்டு வாங்கடா!"

எந்த வண்டி போன தடவை எவ்வளவு கக்கியது, இந்தத் தடவை எவ்வளவு என்று ஒரு நோட்டில் எழுதியும் வைப்பாய். குறைந்திருந்தால் அந்தப் பையனுக்கு உன் செலவில் டீ. திருப்பி அனுப்பப்பட்டவர்களோ என்னிடம் வந்து நிற்பார்கள். "அண்ணே, லேட்டானா அரை நாள் சம்பளம் போயிரும்லா?"

கூட்டம் கலைந்துவிடும் என்ற பயம் எனக்கு. புது ஃபோர்-ஸ்ட்ரோக் வண்டி ஒன்றை மெஷின் பக்கத்திலேயே நிறுத்தினேன். குழாய் அதற்குள், சான்றிதழில் அச்சாகும் வண்டி எண் வெளியே நிற்பவனுடையது.

"உன் வண்டி ஒரே நாள்ல நாப்பது நம்பர் மாட்டிக்கினு நிக்குது. போலீசு புடிச்சா இன்னா சொல்லுவ?" என்றாய்.

"ஊரே இப்படித்தான் பண்ணுது."

"பண்ணட்டும். அடியில கீறது என் கையெழுத்துப்பா."

அன்றே கிளம்பி, மறைமலை நகரில் ஒரு ஒர்க்‌ஷாப்பில் சேர்ந்துவிட்டாய். நான் உன் கையெழுத்தை ரப்பர் முத்திரையாக வெட்டிக்கொண்டேன். படித்த ஆளின் கையெழுத்து இல்லாமல் சான்றிதழ் செல்லாது; உன்னைப் போல் படித்த இன்னொருவன் வந்தால் அவனும் கேள்வி கேட்பானே! விஷயம் தெரிந்து நீ நேரில் வந்தாய். சண்டை போடவில்லை. "எம்பேரை எடுத்துடுப்பா" என்றாய், அவ்வளவுதான். அடுத்த வாரம் என்றேன். அந்த அடுத்த வாரம் ஒரு வருஷம் இழுத்தது.

மாரடைப்பில் நீ போன மறுநாள் உன் வீட்டுக்கு வந்தேன். உன்னைப் பெட்டியில் வைத்து ஜெபம் சொல்லிக்கொண்டிருந்தார்கள். உன் மனைவி எழுந்து வந்து ஒரு தாளை நீட்டினாள். பக்கத்து வீட்டுப் பையன் என் கடையில் வாங்கிய சான்றிதழ். அன்றைய தேதி, அடியில் உன் கையெழுத்து.

"இன்னிக்குக் காலையிலகூட வேலைக்கு வந்தாராண்ணா?"

தாளை வாங்கிக்கொண்டு வெளியே வந்தேன்.

மெஷினை விற்றுவிட்டேன். வாங்க வந்தவன் அதை ஓட்டிக்கூடப் பார்க்கவில்லை. "அந்தக் கையெழுத்து ரப்பரையும் சேத்துக் குடுத்துடு அண்ணாத்த" என்று இளித்தான். இல்லை என்றேன். அது என் சட்டைப்பையில்தான் இருந்தது, இன்றும் இருக்கிறது. தூக்கிப் போட்டால் எவனாவது எடுத்துக் குத்துவான். அறுத்துப் போட, உன் பெயர்மேல் கத்தி வைக்கக் கை வரவில்லை. உன் கையெழுத்து என்று என்னிடம் மிஞ்சியிருப்பது, நீ போடாத இந்த ஒன்றுதான்.